துட்டி கேட்க வராதவள்

என் பியூலாவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. நான் எங்கே காட்டப்போகிறேன் என்று சிரிக்காதே. உன் வாய் எனக்குத் தெரியும். அங்கேயும் பக்கத்தில் இருப்பவர்களைக் கூட்டி, "எங்க கோமு எழுதியிருக்கா, கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவாய். வேறு யார் கையிலாவது இந்த கெமிஸ்ட்ரி நோட்டு சிக்கிக் கடைசிப் பக்கங்கள் கண்ணில் பட்டுவிட்டால், அவர்களையும் கும்பிட்டுக் கேட்கிறேன். படித்தாலும் பரவாயில்லை. எங்கள் அப்பாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் எல்லோரும் படுத்தாயிற்று. என் போன் அப்பாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாளை இரவுக்குள் ஒரு காரியத்தையும் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் எனக்கு மிஞ்சியிருக்கிற ஒரே தோழியும் போய்விடுவாள். அவளும் நீ தந்தவள்தான்.

ஒன்பதாம் வகுப்பில் நான் நாங்குநேரியிலிருந்து வந்து சேர்ந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? எல்லா பெஞ்சிலும் பை வைத்து இடம் பிடித்திருந்தார்கள். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். நீ உன் பையைத் தூக்கித் தரையில் போட்டுவிட்டுக் கூப்பிட்டாய்: "ஏட்டி புதுசு, இங்கன வா. இங்கன காத்தும் வரும், மிஸ் எறியுற சாக்பீஸும் வரும்."

மத்தியானம் என் டிபன் பாக்ஸில் தேங்காய்ப்பால் சொதி இருந்தது. நீ ஒரு கரண்டி எடுத்தாய், பிறகு பாக்ஸையே எடுத்துக்கொண்டாய். "சைவக்காரிக எதுக்குட்டி கோயில் கோயிலா அலையுதிய? இதக் குடிச்சாலே மோட்சம் கிடைச்சிரும்லா" என்றாய். அன்றைக்கு நான் வெறும் சோறுதான் தின்றேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பு நான் சாப்பிட்டதில்லை.

வகுப்புப் பெண்கள் டீச்சர்களுக்குத் தெரியாமல் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். என்னை அதில் சேர்க்கவில்லை. "சேக்கலேன்னா போறாளுவ" என்று நீ தனியாக ஒரு குரூப் ஆரம்பித்தாய். அதில் நீயும் நானும் மட்டும்தான். அதற்கு "கூட்டம் அதிகம்" என்று பெயர் வைத்தாய். எனக்கு அந்தக் கூட்டம் போதுமாக இருந்தது, பியூலா. அதற்கு முதல் நன்றி.

இப்போது குற்றத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று உங்கள் அம்மா போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாய். காய்ச்சலில் குரலே மாறியிருந்தது. அப்போதும் உனக்கு ஸ்ட்ரீக் கவலைதான். போனில் நாம் வைத்திருந்த அந்தச் செயலியில் இரண்டு பேர் ஒருநாள் விடாமல் படம் அனுப்பிக்கொண்டால் பேருக்குப் பக்கத்தில் ஒரு தீ எரியும், நாள் கூடக்கூட எண் ஏறும். ஒருநாள் தவறினால் அணைந்துவிடும். ஊருக்குப் போகிறவர்களும் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் நம்பிக்கையான ஒருத்தியிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போவது நம் வழக்கம்தானே. "பத்து நாள்தான்ட்டி. தினமும் ஒரு படம் போட்டுரு. செவுத்தப் பிடிச்சுப் போட்டாக்கூடப் போதும்" என்று சொல்லிப் பாஸ்வேர்டைக் கொடுத்தாய்.

ஆறாம் நாள் நீ போய்விட்டாய்.

அன்று எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் நீதான் இருந்தாய். ஒரே படம், ஒரே சோகப் பாட்டு, வரிசையாக அழுகிற முகங்கள். உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூட "மிஸ் யூ டார்லிங்" என்று போட்டார்கள். நான் ஒன்றும் போடவில்லை. மறுநாள் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தியிடம், "பெஸ்ட் பிரெண்டுன்னு ஒட்டிக்கிட்டே திரிஞ்சா. ஒரு ஸ்டேட்டஸ் வச்சாளா பாத்தியா? கல்லு" என்று சொல்வது காதில் விழுந்தது. இருபத்து நான்கு மணி நேரம் முடிந்ததும் உன் படங்கள் தாமாகவே மறைந்தன. அதற்கடுத்த நாள் எல்லோரும் ஆண்டு விழா டான்ஸுக்கு என்ன சேலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்த அழுகை அதுதான் போலிருக்கிறது.

ஆனால் நான் என்ன செய்தேன்? உன்னை எடுக்கிற அன்று அம்மா என்னை விடவில்லை. "வயசுப்பிள்ள துட்டி வீட்டுக்கெல்லாம் போக வேண்டாம். பரீட்ச வேற வருது" என்றாள். செத்த வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பதுதான் நம் ஊரில் துட்டி. அதைப் பதினாறு நாளுக்குள் கேட்டுவிட வேண்டும் என்பார்கள். நானும் ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை போகக்கூடாது, செவ்வாய் போகக்கூடாது என்று பதினாறு நாளும் ஓடிப்போயிற்று. நாள் தவறியபின் எந்த முகத்தோடு போவது? உங்கள் தெருப்பக்கமே போகாமல், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியாக நடக்க ஆரம்பித்தேன்.

நீ போன இரண்டாம் நாள் உன் கணக்கைத் திறந்தேன். நம் பள்ளிக்கூடத்துத் தீயெல்லாம் அணைந்திருந்தது. ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சேரன்மகாதேவி முத்து, பச்சை வயலில் கொக்கு நிற்கிற படத்தோடு "ஏட்டி எங்கன போன? ஒரு வாரமா செவுத்தயே காட்டுத" என்று கேட்டிருந்தாள்.

அவளைப் பற்றி நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். பேச்சுப்போட்டி மேடையில் வாய் திக்கிப் பாதியில் இறங்கி, கழிவறைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தவளைத் தேடிப் போய் நீ முறுக்கு கொடுத்தாய். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. திக்கும் என்பதால் அவள் யாரோடும் போனில் பேச மாட்டாள், எழுதுவாள். நம் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு யாரையும் தெரியாது. அதனால் நீ இறந்ததை அவளுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை, என்னைத் தவிர.

"பியூலா செத்துட்டா" என்று மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். அதை அனுப்பிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். கடைசியில் எங்கள் வீட்டு மின்விசிறியைப் படம் பிடித்து அனுப்பி, "காய்ச்சல்ட்டி, இப்ப பரவால்ல" என்று எழுதினேன்.

நாலு மாதம். தினமும்.

முதலில் வெறும் படங்கள்தான். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள், வீட்டில் நடப்பதையெல்லாம் சொன்னாள். அவள் சொன்னவற்றை உனக்குக்கூட எழுத மாட்டேன், அவை அவளுடையவை. நான் பதில் எழுதினேன். என் பயங்களைச் சொன்னேன், என் சின்னச் சின்ன ஜோக்குகளைச் சொன்னேன், எல்லாவற்றையும் உன் பெயரில். கார்த்திகையில் ஒருநாள் அவள் எழுதினாள்: "நீ இப்பல்லாம் மாறிட்ட. முன்னாடி நீயே பேசிக்கிட்டு கெடப்ப. இப்பத்தான் நான் சொல்லுதத கேக்க."

அன்று எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. என்னை ஒருத்திக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவளுக்கு என் பெயர் தெரியாது. நான் உன்னிடமிருந்து திருடுகிறேனா, உனக்காகக் காவல் இருக்கிறேனா என்று எனக்கே புரியவில்லை. உனக்காவது புரிந்ததா?

போன வாரம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "வார ஞாயித்துக்கிழம உங்க சர்ச்சுல ஊருக்கே அசனச் சாப்பாடுலா? போன வருசம் கூப்ட்டேல்லா, நான் வரல. இந்த வருசம் கண்டிப்பா வாரேன். வாசல்ல நில்லு."

வராதே என்று எழுதலாம்தான். எழுத மனம் வரவில்லை. "கண்டிப்பா வா, நான் வாசல்ல நிக்கேன்" என்று அனுப்பினேன். வாசலிலேயே அவளைப் பிடித்து, ஓரமாகக் கூட்டிப்போய் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டு இன்று காலை கிளம்பினேன்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருவதாகச் சொன்னவள் ஒரு பஸ் முன்னாலேயே வந்துவிட்டாள்.

நான் போய்ச் சேரும்போது காம்பவுண்டு முழுவதும் ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் கொதிக்கிற வாசனை. பந்தலுக்குள் முதல் பந்திக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பெண்கள் உட்கார்ந்து இலை துடைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் உங்கள் அம்மாவும் ஒருத்தி. அவள் முன்னால் பச்சைத் தாவணியில் ஒரு பெண் நின்றாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, முத்து. பியூலா எங்கே என்று அவள் யாரிடமோ கேட்டிருக்கிறாள், அவர்கள் உங்கள் அம்மாவைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

உங்கள் அம்மா கையில் முத்துவின் போன் இருந்தது. உன் பெயரில் வந்ததைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் எப்படி எழுதுவேன்?

"இது நேத்து வந்திருக்கு," என்றாள், யாரிடமும் இல்லாமல். "நேத்து ராத்திரி வந்திருக்கு."

என் கால்கள் என்னை அறியாமல் அங்கே போய் நின்றன. "ஆன்ட்டி, நான்தான். பியூலா இல்ல. நான்தான் அனுப்புனேன்."

முத்து என்னையும் உங்கள் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். "பி... பியூலாவுக்கு என்ன?"

"அவ போய்ட்டா மக்களே. நாலு மாசமாச்சு" என்றாள் உங்கள் அம்மா.

முத்து அப்படியே மண்டியிட்டு, உங்கள் அம்மாவின் தோளைக் கட்டிப்பிடித்து, நம் பக்கத்துப் பெண்கள் துட்டி வீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுதாள். அழும்போது அவளுக்குத் திக்கவே இல்லை. "எனக்கு முறுக்கு தந்தாளே, என்னத் தேடி வந்து தந்தாளே" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். இலை துடைத்தவர்கள் கைகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு அம்மா, "யாருளா இது, சொந்தக்காரப் பிள்ளையா?" என்று கேட்டாள். உங்கள் அம்மா முத்துவின் முதுகைத் தடவிக்கொண்டே, "ஆமா, சொந்தந்தான்" என்றாள்.

ஒரே ஒரு முறை உன்னைப் பார்த்தவள், செய்தி கேட்ட அடுத்த நொடி செய்ததை, உன் பக்கத்தில் மூன்று வருடம் உட்கார்ந்தவள் நாலு மாதமாகச் செய்யவில்லை.

உங்கள் அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள், அறையப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் உன் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கோமு, துட்டி கேக்க ஒனக்கு நாலு மாசமாட்டி?"

நான் குனிந்துகொண்டேன்.

"மூணு தெரு. மூணு தெருதான இருக்கு? சாயங்காலம் ஆனா வாசல் லைட்டப் போட்டுட்டு நீ வாரியான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். யார் யாரோ வந்தாவ, போனாவ. அவளப் பத்திப் பேச எனக்கு ஒன்ன விட்டா யாருட்டி இருக்கா?"

பியூலா, நான் பயந்ததெல்லாம் தப்பான இடத்தில். ஒரு தீ அணைந்துவிடக் கூடாது என்று தினமும் சுவரையும் விசிறியையும் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று தெரு தள்ளி எனக்காக ஒரு விளக்கு எரிந்தது எனக்குத் தெரியாது. "நாள் தவறிப்போச்சு ஆன்ட்டி, அதான்..." என்று இழுத்தேன். "துக்கம் இருக்கதுவர துட்டிக்கு நாள் இருக்குட்டி" என்றாள். முத்து அழுகையோடே என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். மூன்று பேரும் இலைக்கட்டுகளுக்கு நடுவில் கட்டிக்கொண்டு அழுதோம். உனக்காக நான் வாய்விட்டு அழுதது அதுதான் முதல் தடவை.

பந்தியில் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். பரிமாறுகிற அண்ணாச்சி கறி வாளியோடு என் இலைக்கு வந்ததும், உங்கள் அம்மா குறுக்கே கை நீட்டினாள்: "அந்தப் பிள்ள சைவம்." ஒரு தூக்குவாளியைத் திறந்தாள். ரசமும் தனிச் சோறும் அப்பளமும். வருஷா வருஷம் அசனத்துக்கு நீ என்னைக் கூப்பிடுவாய், எங்கள் வீட்டில் விட மாட்டார்கள், நானும் வரமாட்டேன். ஆனாலும் வந்தால் தின்னட்டும் என்று நீ தனியாக எடுத்து வைக்கச் சொல்வாயாமே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாயா என்னிடம்? "இந்த வருசமும் வச்சுட்டேன். பழக்கதோசம்" என்றாள் உங்கள் அம்மா.

முத்து என் இலையைப் பார்த்தாள், கறி வாளியைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அ... அண்ணாச்சி, அவ பங்க இங்கன போடுங்க" என்றாள். உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். நாலு மாதத்தில் அவள் சிரித்ததை அந்தத் தெருவில் யாரும் பார்க்கவில்லையாம், பக்கத்து இலைக்காரர் சொன்னார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் முத்துவின் முகம் மாறிவிட்டது. துக்கம் கொஞ்சம் வடிந்ததும் கோபம் வருமே, அது வந்தது.

"நான் சொ... சொன்னதெல்லாம் நீதான் படிச்சியா?"

"ஆமா."

"வெக்கமா இல்லையாட்டி ஒனக்கு?"

"இருக்கு."

"எவகிட்டயாவது சொன்னியா?"

"சத்தியமா இல்ல."

ஒரு சேரன்மகாதேவி பஸ் வந்து போயிற்று, அவள் ஏறவில்லை. "இந்த நாலு மாசம் என்னத் தூங்க வச்சது நீதான்னு நெனச்சா கோவப்படவும் மு... முடியல. அவ செத்ததுக்கு அழவா, நீ இருக்கேன்னு..." வார்த்தை சிக்கிக்கொண்டது. நான் காத்திருந்தேன். அவள் அதை முடிக்கவில்லை.

அவள் கண் முன்னாலேயே உன் கணக்கிலிருந்து வெளியே வந்தேன். இனி அதற்குள் போக மாட்டேன். பிறகு அவள் என் பேனாவை வாங்கி என் உள்ளங்கையில் தன் நம்பரை எழுதினாள்.

"ஒளிச்சு வச்ச சிநேகிதம் எனக்கு வேண்டாம். உங்கம்மாட்ட எல்லாத்தையும் சொல்லு. உங்கம்மா போன்லேருந்து, உங்கம்மா பக்கத்துல இருக்கும்போது கூப்பிடு. எ... எழுதாத, பேசு. நான் திக்குவேன், நீ காத்திரு. நாளைக்கு ராத்திரிக்குள்ள கூப்பிடலேன்னா ஒன்ன எனக்குத் தெரியாது."

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். கை காட்டவில்லை. திரும்பி மட்டும் பார்த்தாள்.

இதுதான் பியூலா என் பயம். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றால் ஸ்பெஷல் கிளாஸ் பொய்யைச் சொல்ல வேண்டும். அசனப் பந்தியில் உட்கார்ந்ததைச் சொல்ல வேண்டும். நாலு மாதமாக இறந்துபோனவளாக இருந்ததைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீ என்னை அனுப்பியிருக்க வேண்டும் அம்மா என்றும் சொல்ல வேண்டும், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். முகம் தெரியாத யாரோடாவது போனில் பேசுகிறேன் என்று தெரிந்தால் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் செய்வார்.

ஆனாலும் இன்றைக்கு எனக்குள் பயத்தைவிட நன்றிதான் அதிகம். தரையில் உன் பையைப் போட்டதற்கு நன்றி. என்னை நம்பிப் பாஸ்வேர்டைக் கொடுத்ததற்கு நன்றி, நான் அதைத் தப்பாகப் பயன்படுத்தியிருந்தாலும். அழுகிறவளைத் தேடிப் போன உன் கால்களுக்கு நன்றி. உன் கணக்கில் அறுநூறு பேர் இருந்தார்கள் பியூலா. நீ எனக்கு விட்டுப்போனது இரண்டு பேரைத்தான். ஒருத்தி என்மேல் கோபமாக இருக்கிறாள், ஒருத்தி எனக்காக வாசல் லைட்டைப் போட்டு வைத்திருந்தாள். இதைவிட அதிகம் யாருக்காவது கிடைக்குமா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சனிக்கிழமைதோறும் உங்கள் வீட்டுக்குப் போவேன். உங்கள் அம்மா உன்னைப் பற்றிப் பேசினால் கேட்பேன், பேசாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்பா என்ன சொன்னாலும் முத்துவிடம் என் பெயரைச் சொல்லிப் பேசுவேன். அவளுக்கு வார்த்தை வரும்வரை அவசரப்படுத்த மாட்டேன்.

பதினேழு நாள் மூத்தவள் என்று தெரிந்தும் நீ ஒருநாள்கூட அக்கா என்று கூப்பிடாத
உன் அக்கா,
கோமதி

கதவு தட்டுகிறது. அம்மாதான். அப்பா என்றால் இவ்வளவு பைய தட்ட மாட்டார்.

"ஏட்டி கோமு, லைட்டு தெரியுது. என்னட்டி செய்யுத இந்நேரத்துல? அழுதியா?"

அவள் குரலைக் கேட்டால் அவளும் தூங்கவில்லை போலிருக்கிறது. நாளை வரைக்கும் எதற்கு பியூலா? அப்பா எழுந்திருப்பதற்குள் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் வார்த்தைதான் இன்னும்